உயரத்துக்கு ஏற்ற எடை

என் தங்கையை வெல்லம் நிறுக்கிற தராசில் உட்கார வைத்து நிறுத்தார்கள். ஒரு தடவை இல்லை, மாதாமாதம் நிறுத்தார்கள். இதைச் சொல்ல வாயைத் திறந்தாலே எனக்கு இன்றும் பல் நறநறக்கிறது. சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. அப்பா காலமான பிறகு அம்மாவும் நானும் திண்டுக்கல்லில், பேகம்பூரை ஒட்டிய ஒரு சந்தில் வாடகைக்கு இருந்தோம். நான் தாலுகா ஆபீஸில் டைப்பிஸ்ட். தங்கையைப் பழனிப் பக்கம் நெய்க்காரப்பட்டியில், அப்பாவுக்குத் தூரத்து உறவில் கட்டிக் கொடுத்திருந்தோம். கரும்புத் தோட்டமும் சொந்தமாக வெல்லம் காய்ச்சும் ஆலையும் உள்ள குடும்பம். மாமனார் கிடையாது. ஆலையை நடத்தியது மாமியார்தான். மாப்பிள்ளை அம்மா பேச்சைத் தட்டாதவர். வாய் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசி நான் கேட்டதில்லை.

தங்கை பிறவியிலேயே ஒல்லி. எங்கள் அப்பா ஒல்லி, அத்தைகள் ஒல்லி, அந்த வம்சமே அப்படி. அதற்காக நோஞ்சான் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயம் என்றால் அவளைவிடப் பெரிய வகுப்புப் பிள்ளைகள் பின்னால்தான் வருவார்கள். காய்ச்சல் என்று பாயைப் போட்டுப் படுத்தது எனக்கு நினைவில் இல்லை. அம்மா மட்டும், "இம்புட்டு திங்கிற, எங்கடி போகுது எல்லாம்" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள்.

கல்யாணமாகி இரண்டாம் வருஷமும் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. ஊர் உடனே காரணம் கண்டுபிடித்துவிட்டது. உடம்பில் சத்து இல்லை, அதான் பிள்ளை நிற்கவில்லை என்றார்கள். மாப்பிள்ளையும்தான் ஒல்லி. அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

மாமியார் அவளைப் பழனியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். அந்த டாக்டர் அறைச் சுவரில் டானிக் கம்பெனிக்காரன் கொடுத்த அட்டவணை ஒன்று தொங்குமாம். இத்தனை உயரம் இருந்தால் இத்தனை கிலோ இருக்க வேண்டும் என்று ஆணுக்கு ஒரு பக்கம், பெண்ணுக்கு ஒரு பக்கம். தங்கை ஐந்தடி. மிஷினில் ஏற்றினால் முப்பத்தெட்டு கிலோ. டாக்டர் அட்டவணையில் விரலை வைத்து, "குறைஞ்சது நாப்பத்தஞ்சாவது இருக்கணும்மா. நல்லா சாப்பிடச் சொல்லுங்க" என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு டானிக் எழுதிக் கொடுத்தார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. எடை குறைவுதான். குறைவாக இருக்கிற பெண்ணை ஏன் எதற்கு என்று நாலு கேள்வி கேட்டு, பரிசோதித்து அனுப்பியிருக்கலாம். டானிக்கோடு விட்டுவிட்டார்.

ஆனால் அந்த விரல் தொட்ட எண் மாமியார் மனதில் ஆணி அடித்தாற்போல நின்றுவிட்டது. எடை என்பது அவருக்குத் தெரிந்த பாஷை. காலையிலிருந்து பொழுது சாயும் வரை வெல்லச் சிப்பங்களை நிறுத்து நிறுத்து அனுப்புகிற அம்மாள். மருமகளுக்கு நாற்பத்தைந்து கிலோ வர வேண்டும், வந்துவிட்டால் அவள் எடைக்கு எடை வெல்லம் பழனி மலையில் துலாபாரம் கொடுக்கிறேன் என்று முருகனுக்கு வேண்டிக்கொண்டார்.

வேண்டினதோடு நிற்கவில்லை. அமாவாசையன்று அந்தப் பக்கம் ஏர் பூட்ட மாட்டார்கள், ஆலையும் ஓடாது. அந்த ஓய்வு நாளில், கொட்டகையில் மூன்று கழி நட்டுத் தொங்கவிட்டிருக்கும் தராசின் ஒரு தட்டில் தங்கையைக் காலை மடக்கி உட்காரச் சொல்வார். மறு தட்டில் எடைக்கல் ஏறும். அக்கம்பக்கத்துப் பெண்கள் வேடிக்கை பார்ப்பார்கள். அவள் தட்டு மேலே போனால் உச்சுக்கொட்டுவார்கள். தங்கை இதை என்னிடம் ரொம்ப நாள் கழித்துச் சொன்னாள். "மொதல்ல வெக்கமா இருந்துச்சுக்கா. அப்பறம் பழகிருச்சு" என்றாள். பழகிவிட்டது என்று அவள் சொன்னதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட ஆத்திரம்.

அவர்கள் கொடுமைக்காரர்களாக இருந்திருந்தால் என் வேலை சுலபம். ஒரு நாள் போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டு அவளைக் கையோடு கூட்டி வந்திருப்பேன். அவர்களோ அவளுக்கு நெய் ஊற்றிச் சோறு போட்டார்கள். உளுந்தங்களி கிண்டிப் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டினார்கள். வெயிலில் நிற்க விடவில்லை. ஒரு குறை சொல்ல முடியாது. அவள் சாப்பிட்டாள், சாப்பிட்டாள், எடைக்கல் மட்டும் மாறவில்லை.

பிறகு ஒரு மழைக்காலத்தில் மாறியது. ஒரு அமாவாசைக்கும் அடுத்த அமாவாசைக்கும் இடையில் நாலு கிலோ ஏறியது. அடுத்த மாதம் இன்னும் ஏறியது. கன்னம் உப்பியது. காலையில் எழுந்தால் முகம் அப்படியே பூரித்துப்போய், கண் இடுங்கி, சிரிக்கிறாற்போலவே இருக்குமாம். கை வளையல் கழற்ற வரவில்லை என்று மாமியார் பெரிய அளவில் புது வளையல் வாங்கிப் போட்டார். கால் மெட்டி விரலைக் கவ்விக்கொண்டு இறங்காமல், தட்டானைக் கூப்பிட்டு அறுத்து எடுத்தார்கள். அதற்கும் வீட்டில் சந்தோஷம். முருகன் கண் திறந்துவிட்டான் என்று மாமியார் அண்டை அயலுக்கெல்லாம் கற்கண்டு கொடுத்தாராம்.

தங்கைக்கு மட்டும் உடம்பு சரியில்லை என்று தெரிந்திருந்தது. படி ஏறினால் மூச்சு வாங்கியது. சாயங்காலம் கால் இரண்டும் கனத்தன. சிறுநீர் நுரைத்துக்கொண்டு போனது. இதை யாரிடம் சொல்வது? மறுபடி பழனி டாக்டரிடம் கூட்டிப்போனபோது, "கால் கனக்குது சார்" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். மாமியாரும் புருஷனும் பக்கத்தில் நிற்கும்போது நுரையைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. டாக்டர் அவளை மிஷினில் ஏற்றினார். நாற்பத்தொன்பது. அட்டவணையைப் பார்த்தார்.

"எடை ஏறினா கால் கனக்கத்தாம்மா செய்யும். இப்பத்தான் உயரத்துக்குச் சரியா வந்திருக்கீங்க. இதையே காப்பாத்திக்குங்க."

புடவைக் கரையை ரெண்டு அங்குலம் தூக்கிக் காலைப் பார்க்கவில்லை. கண் இமை ஏன் வீங்கியிருக்கிறது என்று கேட்கவில்லை. நுரையோ நீரோ ஒன்றையும் கேட்கவில்லை. ரெண்டு மாதத்தில் பதினோரு கிலோ ஏறிய பெண்ணுக்கு டாக்டர் பாஸ் மார்க் போட்டு அனுப்பினார். படித்த மனுஷன். அந்த ஆளை நான் நேரில் பார்த்ததே இல்லை. பார்த்திருந்தால் என்ன பேசியிருப்பேன் என்று எத்தனையோ தடவை பஸ்ஸில் போகும்போது மனதுக்குள் பேசிப் பார்த்திருக்கிறேன்.

இப்போது அதற்கு பி.எம்.ஐ. என்று பெயர். கிலோவை மீட்டரால் வகுத்து, வந்ததை மறுபடி மீட்டரால் வகுக்கிறார்கள். போன வருஷம் எனக்கே ஒரு சின்ன டாக்டர் பையன் போனில் தட்டிக் கணக்குப் போட்டு, கொஞ்சம் கூடுதல் என்று சொன்னான். நடக்கிறேன், சோற்றைக் குறைக்கிறேன் என்று நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். அந்தக் கணக்கோடு எனக்குச் சண்டை கிடையாது. ஆளைப் பார்க்காமல் கணக்கைப் பார்க்கிறவர்களோடுதான் சண்டை. ஏறியது கொழுப்பா, சதையா, தண்ணீரா என்று அந்தக் கணக்கு சொல்லாது. அதைச் சொல்ல இன்னொரு மனுஷன் தொட்டுப் பார்த்துக் கேட்க வேண்டும். தங்கையின் பி.எம்.ஐ. அவள் சாகக் கிடந்தபோது ரொம்ப அழகாக இருந்தது.

துலாபாரத்துக்கு நாள் குறித்தார்கள், தை மாதக் கிருத்திகை. எங்களுக்கும் சொல்லிவிட்டார்கள். நானும் அம்மாவும் விடியற்காலைப் பஸ் பிடித்து, ஒட்டன்சத்திரம் தாண்டி, பழனியில் போய் இறங்கினோம். அதற்கு முன் அவளைப் பார்த்து நாலு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. கரும்பு வெட்டு நேரம், வர முடியாது என்று தீபாவளிக்கும் அவர்கள் அனுப்பவில்லை.

மலைக்குப் போகிற வின்ச் ஸ்டேஷனில் மாமியார் எங்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "வாங்க அம்மிணி, வாங்க. உங்க தங்கச்சியப் பாருங்க, எப்படி ஆக்கிட்டேனுங்க" என்றார். அவர் பின்னால் பட்டுப்புடவையில் ஒரு பெண் நின்றிருந்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், அது என் தங்கை என்று எனக்கு முதலில் தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தது. அம்மா ஓடிப் போய் அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்து, "யாரு கண்ணும் பட்டுறக் கூடாது சாமி" என்று அழுதாள். பெற்றவளுக்கே சந்தோஷம் தாங்கவில்லை என்றால் ஊரை என்ன சொல்வது.

நான் அவள் கையைப் பிடித்தேன். ஜில்லென்று இருந்தது. கண்ணுக்குக் கீழே பை கட்டித் தொங்கியது. "என்னடி ஆச்சு உனக்கு" என்றேன்.

"ஒண்ணுமில்லக்கா. மூச்சுதான் வாங்குது" என்றாள். அதைச் சொல்வதற்குள் இரண்டு தடவை மூச்சு இழுத்தாள்.

மேலே துலாபாரத் தராசில் அவளை உட்கார வைத்தார்கள். மாமியார் மூட்டை மூட்டையாகச் சொந்த ஆலை வெல்லத்தைக் கொண்டுவந்திருந்தார். மறு தட்டில் உருண்டை வெல்லத்தை அடுக்க ஆரம்பித்தார்கள். அடுக்க அடுக்க அவள் இருந்த தட்டு அசையவே இல்லை. கூடியிருந்தவர்களுக்கு ஒரே பெருமை. "நல்ல கனமுங்க" என்று யாரோ சொன்னார்கள். அவளுடைய கால் தட்டுக்கு வெளியே என் பக்கம் நீண்டிருந்தது. கணுக்கால் எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் எலும்பே இல்லை, வழவழவென்று மினுங்கியது. நான் குனிந்து கட்டை விரலால் அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

மாமியார் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அத்தை, இதப் பாருங்க. மழ நாள்ல உங்க வெல்லம் தண்ணி கோத்துக்கிட்டா என்ன செய்வீங்க? எடை ஏறிருச்சுன்னு சந்தோஷப்படுவீங்களா? விரல வச்சு அமுக்கிப் பாத்து, குழி விழுந்தா மண்டிக்கு அனுப்ப மாட்டீங்கல்ல? இந்தக் காலை அமுக்குங்க. உங்க கையாலயே அமுக்குங்க."

அவர் அமுக்கினார். வெல்லம் பார்த்தே தேய்ந்த கட்டை விரல் அது. தண்ணீர் கோத்த சரக்கு அந்த விரலுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. விரலை எடுத்தார். நான் அழுத்திய குழிக்குப் பக்கத்தில் இன்னொரு குழி. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். புரிந்துவிட்டது, இனி நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன்.

அவர் நிமிர்ந்து, வெல்லம் அடுக்குகிறவரைப் பார்த்து, "இன்னும் வைங்க. தட்டு சமமாகட்டும்" என்றார்.

"அத்தை."

"சாமி காரியமுங்க அம்மிணி. பாதியில எந்திரிக்கக் கூடாது. முடியட்டும், அப்பறம் பாத்துக்கலாம்."

என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் மேல் எனக்குக் கோபம் வந்திருக்கிறது. அன்றைக்கு வந்த மாதிரி வந்ததில்லை. தெரியாமல் செய்தால் மன்னித்துவிடலாம். தன் விரலால் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டு, தட்டு சமமாகிற வரைக்கும் உட்கார் என்று சொல்கிறார். நான் தங்கையின் இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டேன். அவள் பக்கம் லேசானதும் வெல்லத் தட்டு தடாலென்று தரையில் இறங்கி, உருண்டைகள் நாலா பக்கமும் ஓடின. அபசகுனம், அபசகுனம் என்று கூட்டம் முணுமுணுத்தது. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளை குனிந்து வெல்லம் பொறுக்கினார்.

"நான் கூட்டிட்டுப் போறேன். தடுக்கிறவங்க என்னை அடிச்சுப் போட்டுட்டுத் தடுங்க" என்றேன். யாரும் தடுக்கவில்லை.

அன்று திண்டுக்கல் வருகிற பஸ்ஸில்தான் அவள் என்னிடம் நுரையைப் பற்றிச் சொன்னாள். மறுநாளே மதுரையில் சிறுநீரக வியாதி பார்க்கிற ஒரு டாக்டரிடம் போனோம். அவர் அறையில் அட்டவணை ஒன்றும் இல்லை. அவர் முதலில் பார்த்தது காலைத்தான். பிறகு சிறுநீர் கேட்டார். ஒரு கண்ணாடிக் குழாயில் ஊற்றி எங்கள் கண்ணெதிரேயே விளக்கில் சூடாக்கினார். தண்ணீராக இருந்தது வெள்ளை வெளேரென்று திரண்டு, வேகவைத்த முட்டை மாதிரி ஆகிவிட்டது.

"உடம்புல நிக்க வேண்டிய சத்து பூரா இப்படிக் கிட்னி வழியா வெளிய போயிட்டிருக்கு. அதனால தண்ணி தேங்குது. இவங்க ஏறலைம்மா, வீங்கியிருக்காங்க" என்றார். ஒரு வருஷமாவது விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டும், உப்பை நாக்கில் வைக்கக் கூடாது, நிறுத்தினால் சிறுநீரகம் கெட்டுவிடும், பிறகு தன்னாலும் ஒன்றும் செய்ய முடியாது என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அவளைப் பார்த்தும் சொன்னார்.

மாத்திரை கேட்டது. தண்ணீர் வடிய வடிய அவள் இளைத்தாள். கன்னம் ஒட்டியது, கழுத்து எலும்பு தெரிந்தது, பெரிய வளையல் முழங்கை வரைக்கும் ஓடியது. மாதம் முடிவதற்குள் முப்பத்தேழு கிலோவுக்கு வந்தாள். மூச்சு வாங்குவது நின்றது. நடந்தே சந்தைக்குப் போய் வந்தாள். டாக்டருக்குத் திருப்தி, எனக்கு உயிர் வந்தது. மற்ற எல்லோருக்கும் துக்கம். எதிர்வீட்டு அம்மாள், "பழனியில இருந்து வரும்போது எப்படி இருந்துச்சு புள்ள, இங்க வந்து இப்படிக் கரைஞ்சுருச்சே" என்று என் முகத்துக்கு நேரே கேட்டார். ஆபீஸில் ஒருத்தி, அக்கா சம்பாத்தியத்தில் வயிறாரச் சோறு கிடைக்கவில்லை போல என்று பேசியது என் காதுக்கு வந்தது. அம்மாவும் தட்டில் சோறு போடும்போது மூக்கைச் சிந்துவாள். "அந்த மாத்திரைய ஒரு வாரம் நிப்பாட்டிப் பாப்பமாடி, எலும்பு தெரியுதே" என்பாள். நான் கத்துவேன். அவள் வாயை மூடுவாள். மறுநாள் மறுபடி மூக்கைச் சிந்துவாள்.

மாப்பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து அவளைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. காபியைக் குடித்துவிட்டு, "அடுத்த ஞாயித்துக்கிழமை அம்மாவும் வாரேன்னாங்க. பாத்துட்டு, கூட்டிட்டுப் போறதப் பத்தி முடிவு பண்ணலாம்னாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பார்த்துவிட்டு என்றால் எதைப் பார்த்துவிட்டு என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

அந்த வாரம் புதன்கிழமை ஆபீஸிலிருந்து வந்து பார்த்தேன், தங்கையின் கண்ணுக்குக் கீழே லேசாக உப்பியிருந்தது. வியாழக்கிழமை கன்னமும் உப்பியது. மாத்திரை வேலை செய்யவில்லையோ, மறுபடி மதுரைக்கு ஓட வேண்டுமோ என்று லீவு சொல்லிவிட்டு வந்து, டாக்டரிடம் காட்ட மாத்திரை டப்பாவை எடுக்கப் போனேன். அடுக்களை அலமாரியில் டப்பாவுக்குப் பின்னால் நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடி இருந்தது. அவள் கைக்கு எட்டக் கூடாது என்றே நான் பரண்மேல் ஏற்றி வைத்த ஜாடி. பாதி காலி. டப்பாவைத் திறந்தேன். அந்த வாரத்து மாத்திரை அத்தனையும் அப்படியே இருந்தது.

"ஏண்டி, நீ மாத்திரை போடலையா?"

அவள் ஜாடியைப் பார்த்தாள்.

"உப்பு நார்த்தங்காயத் தின்னியா?"

தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குப் புரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாமியார் வருவதற்குள் வீங்க வேண்டும் என்று அவளே பார்த்துப் பார்த்து உப்பைத் தின்றிருக்கிறாள். ஜாடியைத் தூக்கி வாசலில் போட்டேன். சுக்குநூறாகியது. அம்மா ஓடி வந்தாள். நான் நிறுத்தவில்லை. செத்துத்தான் தொலைவேன் என்றால் நெய்க்காரப்பட்டியிலேயே செத்திருக்கலாம், எதற்கு என்னை ஊரெல்லாம் பகைக்க வைத்தாய் என்று கேட்டேன். யாருக்காகச் சாகிறாய் என்று கேட்டேன். இன்னும் என்னவெல்லாமோ கேட்டேன்.

அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெல்லச் சொன்னாள்.

"ஒனக்குத் தெரியாதுக்கா. எல்லாரும் எம்மேல பிரியமா இருந்தது அந்த ரெண்டு மாசந்தான். அவரு என்னை உக்கார வச்சுப் பேசிக்கிட்டே இருப்பாரு. அத்தை எனக்குத் தலை பின்னி விட்டாங்க. அம்மா என்னைப் பாத்து அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பாத்ததே இல்ல. இப்ப எல்லாரும் என்னைப் பாத்தா அழுகுறீங்க. வீங்கியே இருந்திருக்கலாம்னு தோணுது."

வாசலில் நின்றிருந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அதற்கு மேல் திட்ட வரவில்லை. ஆத்திரம் எங்கும் போகவில்லை, திட்ட வேண்டிய ஆட்கள்தான் மாறிவிட்டார்கள். எங்கள் அம்மாவை, எதிர்வீட்டை, ஆபீஸை, அந்த டானிக் கம்பெனியை, எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து அறைய வேண்டும் போலிருந்தது. நான் செய்தது துடைப்பத்தை எடுத்துக் ஜாடிச் சில்லைக் கூட்டியதுதான். அன்று சாயங்காலம் அம்மாவே மாத்திரையும் தண்ணீரும் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தாள். "போடு ஆத்தா" என்றாள். எலும்பைப் பற்றிப் பேசவில்லை. அன்றும் மறுநாளும் அதற்கு மறுநாளும் கொடுத்தாள். சனிக்கிழமை ராத்திரிக்குள் வீக்கம் முக்கால்வாசி வடிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். மாமியார் கை நிறைய மல்லிகைப்பூவும் ஒரு சீப்புப் பழமும் கொண்டுவந்தார். தங்கை உள்ளேயிருந்து காபித் தம்ளரோடு வந்தாள். அம்மாவிடம் பட்டுப்புடவை கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்வாள் என்று நினைத்திருந்தேன். பழைய வாயில் புடவையோடு வந்தாள். வளையலைக் கழற்றி வைத்திருந்தாள்.

மாமியார் அவளை மேலும் கீழும் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. அது பொய் என்று நான் சொல்ல மாட்டேன். "என்ன கண்ணு இப்படி ஆயிட்ட" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நாங்க குறை சொல்லலீங்க அம்மிணி. இன்னும் ரெண்டு மாசம் இங்கயே இருக்கட்டும். பழையபடி உடம்பு வரட்டும். சாமி காரியம் வேற பாதியில நிக்குது. அந்த எடை வந்ததும் வந்து கூட்டிட்டுப் போறோம்" என்றார். மாப்பிள்ளை தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வாயைத் திறந்தேன். தங்கை முந்திக்கொண்டாள். அவளுக்குக் கோபம் வந்து அதுவரை நான் பார்த்ததே கிடையாது. குரல் உயரவில்லை. தம்ளரை மாமியார் முன்னால் வைத்துவிட்டு நின்றாள்.

"எப்ப வந்தாலும் இம்புட்டுத்தான் அத்தை இருப்பேன். முப்பத்தேழு கிலோ. இதுக்கு மேல ஏறுனா அது நான் இல்ல, தண்ணி. அவருக்கு நான் வேணும்னா இப்பவே வாரேன், மாத்திரை டப்பாவும் கூட வரும். தராசுல மட்டும் இனிமே உக்கார மாட்டேன்."

மாமியார் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று இரண்டு பேரும் எழுந்தார்கள். காபி ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.

அம்மா அழத் தொடங்கினாள். நான் அவர்கள் சந்து முனை திரும்புகிற வரை வாசலிலேயே நின்றேன். திரும்பிப் பார்த்தபோது தங்கை அடுக்களையில் இருந்தாள். யாரும் சொல்லாமலே டப்பாவைத் திறந்து, மத்தியான மாத்திரையை எடுத்து வாயில் போட்டு, ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தாள்.